பிக்கப் வண்டியின் பின்கண்ணாடிக்குக் கிரில் போட்ட அனுபவம்

போன மாதம் ஒரு நாள் காலையில் வண்டி எடுக்கப் போனேன். கேபினுக்குப் பின்னால் போட்டிருக்கும் கிரில்லின் நடுச் சட்டத்தில் பெயிண்ட் உரிந்து இரும்பு பளபளத்தது. ராத்திரி யாரோ லோடு பாடிக்குள் ஏறி, கடப்பாரை மாதிரி எதையோ கொடுத்து நெம்பிப் பார்த்திருக்கிறார்கள். சட்டம் ஒரு நூல், அதாவது மூன்று மி.மீ. அளவுக்கு வெளியே வளைந்திருந்தது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளே வைத்த சாமான் வைத்த இடத்தில் இருந்தது. செய்த வேலை தாங்குகிறதா என்று தெரிந்த பிறகுதான் எழுத வேண்டும் என்று இருந்தேன். தாங்கிவிட்டது, எழுதுகிறேன்.

ஏற்காட்டில் நாகலூர் சுற்றுவட்டாரத்தில் சின்னத் தோட்டக்காரர்களிடம் மிளகும் காப்பியும் வாங்கி, கீழே சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொண்டுவந்து போடுவது என் தொழில். வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கிய சிங்கிள் கேபின் பிக்கப். கம்பெனியில் இருந்து வரும்போது பின்னால் ஒரே கண்ணாடிதான் இருந்திருக்கும், ரப்பர் பீடிங்கில் உட்கார்ந்திருக்கும். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் சங்ககிரிப் பக்கம் பாடி கட்டும் பட்டறையில் கொடுத்து அதைக் கழற்றிவிட்டு, பஸ் ஜன்னலில் வருகிற அதே ஸ்லைடிங் செட்டைப் போட்டிருந்தார். அலுமினியச் சேனலுக்குள் இரண்டு கண்ணாடி, இரண்டும் ஓடும், நடுவில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி.

வண்டியில் ஏசி இல்லை. பங்குனி, சித்திரையில் மதிய நேரம் சேலத்துக்குள் ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் கண்ணாடியின் அருமை தெரியும். இரண்டு கதவுக் கண்ணாடியையும் இறக்கி, பின்னால் ஒரு சாண் திறந்துவிட்டால் கேபினில் இருக்கிற அனல் அப்படியே பின்பக்கம் போய்விடும். மூட்டை ஏற்றும்போது சீட்டில் இருந்தபடியே பின்னால் நிற்பவரிடம் பேசலாம். அதனால், கிரில் போடுவதற்கு முன்னால் இதே கண்ணாடி வழியாக ஒரு திருட்டு நடந்த பிறகு பலரும் சொன்ன யோசனையை, அதாவது அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையபடி ஒற்றைக் கண்ணாடி போட்டுக்கொள்ளும் யோசனையை, நான் எடுத்துக்கொள்ளவில்லை.

திருட்டு நடந்தது மிளகு சீசனில். மாலையில் இறக்க வேண்டியதை இறக்கிவிட்டு, காலையில் மலை ஏறுவதற்காக வண்டியை மண்டித் தெருவிலேயே நிறுத்தியிருந்தேன். இரண்டு கதவும் பூட்டியது பூட்டியபடி. உள்ளே எலக்ட்ரானிக் தராசு, ஸ்டீரியோ, ஸ்பேனர் பெட்டி மூன்றும் இல்லை. தராசு போனதுதான் பெரிய அடி. விலை ஒரு பக்கம் இருக்கட்டும், எடை சரிபார்த்து அரசு முத்திரை போட்ட தராசு. புதிதாக வாங்கி, அதற்கு முத்திரை போட்டு வாங்குகிற வரைக்கும் தோட்டக்காரர்களிடம் போய் நிற்க முடியாது. ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். இன்சூரன்ஸில் கேட்டதற்கு, வண்டியோடு பொருத்தாத சாமானுக்குப் பாலிசியில் இடம் கிடையாது என்றார்கள்.

கதவுக் கண்ணாடியை விட்டுவிட்டுப் பின்னால் ஏன் போனார்கள் என்று முதலில் புரியவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்ததும் புரிந்தது. லோடு பாடியின் பக்கப் பலகை என் முட்டிக்கு மேல் உயரம். மேலே தார்ப்பாய். உள்ளே குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் தெருவில் போகிற எவருக்கும் ஆள் இருப்பது தெரியாது. கேபின் கதவருகே ஒருவர் நின்றால் எதிர்வீட்டுத் திண்ணையில் இருப்பவர் யாரென்று கேட்பார். பாடிக்குள் இருப்பவருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கிறது. கண்ணாடி உடைபடாமல் சத்தமில்லாமல் திறந்துகொண்டால் வேலை முடிந்தது. அப்படியென்றால் நான் செய்ய வேண்டியதும் தெளிவாகிவிட்டது. பாடிக்குள் உட்கார்ந்திருப்பவரால் கையாலோ சின்னக் கருவியாலோ சத்தமில்லாமல் எதையும் திறக்க முடியக் கூடாது. பிற்பாடு ஒவ்வொரு கட்டத்திலும் இந்த ஒன்றை வைத்துத்தான் முடிவு எடுத்தேன்.

டார்ச் வைத்துச் சேனலைப் பார்த்தேன். இரண்டு கண்ணாடியும் ஒன்றின் மேல் ஒன்று வரும் இடத்தில் இருக்க வேண்டிய பிரஷ் பீடிங், அதாவது சந்தை அடைக்கும் நார்ப்பட்டை, தேய்ந்து இரண்டு மி.மீ. இடைவெளி விழுந்திருந்தது. அந்த இடைவெளிக்கு நேர் உள்ளே பிளாஸ்டிக் கொக்கி. அதன் கழுத்தில் வெள்ளையாக ஒரு கோடு, பிளாஸ்டிக்கை மடக்கினால் வெளுக்குமே, அந்த வெளுப்பு. மெல்லிய தகடு எதையோ உள்ளே விட்டுக் கொக்கியைத் தூக்கியிருக்கிறார்கள். கீழ்ச் சேனலில் புதுக் கீறல் இரண்டு. கண்ணாடியைக் கையால் தூக்கிப் பார்த்தேன், நான்கு மி.மீ. மேலே ஏறியது. இன்னும் கொஞ்சம் ஏறினால் கீழ்த் தடத்தை விட்டே வெளியே வந்துவிடும். ஆக, கொக்கி இல்லாமலும் திறக்க வழி இருந்திருக்கிறது.

முதலில் செலவில்லாத வேலை. கண்ணாடி ஓடுகிற கீழ்த் தடத்தில் ஒரு கட்டை போட்டால் கண்ணாடி நகராது. வீட்டு ஸ்லைடிங் ஜன்னலுக்குச் செய்கிற அதே வேலை. சில்வர் ஓக் ரீப்பரில் இருந்து சீவி, தடத்துக்குள் பொருந்துகிற மாதிரி ஒரு கட்டை செய்தேன். சேலத்தில் நன்றாக இருந்தது. மேலே ஏற்காட்டில் மூடுபனியில் ஒரு ராத்திரி நின்றதும் மரம் ஊதிக்கொண்டு, காலையில் ஸ்க்ரூ டிரைவர் போட்டு எடுக்க வேண்டியதாயிற்று. கட்டையை எறிந்துவிட்டு, அதே நீளத்துக்கு அரை இன்ச் அலுமினியக் குழாய் வெட்டிப் போட்டேன். இரண்டு முனையிலும் சைக்கிள் ட்யூப் துண்டு மாட்டினால் ஆடாது, சத்தம் வராது. பழைய பேப்பர் கடையில் கிடைத்த குழாய், 40 ரூபாய்.

தூக்கி எடுக்கிற வழியை அடைக்க, மேல்ச் சேனலில் தடத்துக்குள் நான்கு இடத்தில் சின்ன ஸ்க்ரூ போட்டேன். முழுக்க முறுக்காமல் தலை மூன்று மி.மீ. கீழே நிற்கும்படி விட வேண்டும். கண்ணாடி ஓடும்போது தலை உரசாது, தூக்கினால் இடிக்கும். துளை போடும்போது டிரில் பிட்டில் 6 மி.மீ. விட்டு இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டேன், ஆழம் போகாமல் இருக்க. மேலே கூரைத் தகட்டில் பிட் வெளியே வந்துவிட்டால் மழைத்தண்ணீருக்கு நாமே வழி வெட்டிக் கொடுத்தது போல் ஆகும். இந்த வேலைக்குக் கண்ணாடி இரண்டையும் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். கண்ணாடி இருக்கும்போது டிரில் பக்கத்தில் போகவே கூடாது. வண்டிக்குப் போடுகிற டஃபண்ட் (சூடாக்கிக் கெட்டிப்படுத்திய) கண்ணாடியில் மூலையில் முத்திரை இருக்கும், ஐ.எஸ். 2553 என்று எழுதியிருக்கும். அந்தக் கண்ணாடியை வெட்டவோ துளைக்கவோ முடியாது, முயன்றால் மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும்.

குழாயும் ஸ்க்ரூவும் சேர்ந்து நன்றாகத்தான் நின்றன. ஆனால் கண்ணாடியைத் திறந்து வைக்கிற நேரத்துக்கு அவை உதவாது. டீக்கடையில் பத்து நிமிஷம் நிற்கும்போது வெயிலில் கேபினை மூடி வைக்க எனக்கு இஷ்டமில்லை. அடுத்து ஷோகேஸ் பூட்டு போட்டுப் பார்த்தேன். கடைகளில் கண்ணாடி அலமாரிக்குப் போடுவது, பல் வைத்த பட்டை ஒரு கண்ணாடியின் விளிம்பில் மாட்டும், பூட்டு அதன் மேல் ஏறும். 120 ரூபாய். பாதி திறந்த நிலையிலும் பூட்டலாம் என்பதால் ஆசையாக இருந்தது. அடிவாரத்தில் இருந்து ஏற்காடு போக 20 கொண்டை ஊசி வளைவு. முதல் நாளே அந்த அதிர்ச்சியில் பட்டை கண்ணாடி விளிம்பில் தட்டித் தட்டி, கடுகளவு சில்லு பெயர்ந்துவிட்டது. டஃபண்ட் கண்ணாடிக்கு விளிம்புதான் பலவீனம். அங்கே அடிபட்டால் ஓடுகிற வண்டியில் தலைக்குப் பின்னால் கண்ணாடி கொட்டும். அன்றே கழற்றிவிட்டேன். கடைக் கண்ணாடிக்கு நல்ல பூட்டு, வண்டிக்கு வேண்டாம்.

கறுப்பு ஃபிலிம் ஒட்டி உள்ளே இருப்பதை மறைக்கலாமே என்றார்கள். முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீத வெளிச்சமாவது ஊடுருவ வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி 100. கறுப்பு ஃபிலிமுக்கு எதிராக 2012-இல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்தப் பக்கம் நான் போகவில்லை.

கடைசியில் கிரில். கொண்டலாம்பட்டியில் எனக்குத் தெரிந்த வெல்டிங் பட்டறை அண்ணனிடம் போனேன். அவர் முதலில் கேட்டது, “உள்ளயா வெளியவா தம்பி?” உள்ளே போட்டால் யாரும் போல்ட்டைத் தொட முடியாது, வேலையும் சுலபம். ஆனால் இருக்கையில் சாய்ந்தால் தலைக்கும் இரும்புக்கும் நடுவில் நான்கு விரல்தான் இருக்கிறது. இறக்கத்தில் ஒரு இடி வாங்கினால் மண்டை நேராக அதில் போய் மோதும். வெளியே போட்டால் இன்னொரு லாபமும் உண்டு. பலாப்பழமோ கம்போ ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் பிரேக் போடும்போது சரக்கு முன்னால் வந்து கண்ணாடியில் இடிக்காது. வெளியே என்று முடிவாயிற்று. அப்படியானால் போல்ட் தலை வெளியே தெரியக் கூடாது. இதற்கு அண்ணன் சொன்ன வழிதான் மொத்த வேலையின் உயிர்: போல்ட்டின் தலையைச் சட்டத்தின் கேபின் பக்கமே வெல்ட் வைத்துவிடுவது. மரை உள்ள முனை கேபின் தகட்டுக்குள் நுழைந்து உள்ளே வரும், நட் உள்ளே. வெளியே நிற்பவருக்கு ஸ்பேனர் போட ஒன்றும் கிடையாது.

அளவு. சேனல் ஃபிரேம் வெளி விளிம்பில் இருந்து வெளி விளிம்புக்கு 1220 மி.மீ. அகலம், 400 மி.மீ. உயரம். கிரில் நாலு பக்கமும் 20 மி.மீ. வெளியே வர வேண்டும் என்று 1260-க்கு 440. அட்டைப்பெட்டியைப் பிரித்து அந்த அளவுக்கு வெட்டி, கேபின் முதுகில் டேப் போட்டு ஒட்டிப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, கேபினின் பின்தகடு தட்டையில்லை. நேர்ச்சட்டத்தை வைத்தால் நடுவில் தொடுகிறது, இரண்டு ஓரத்திலும் 6 மி.மீ. தள்ளி நிற்கிறது. கிரில்லை வளைப்பதை விட, ஓரத்து போல்ட்டுகளுக்கு மட்டும் கனமான ரப்பர் வாஷர் வைப்பது சுலபம். அட்டையில் வெட்டிப் பார்க்காமல் நேராக இரும்பை வெட்டியிருந்தால் இது பொருத்தும்போதுதான் தெரிந்திருக்கும்.

கம்பி நெடுக்கிலா படுக்கையிலா என்பதற்கு ஒரு சின்ன சோதனை செய்தேன். இன்சுலேஷன் டேப்பைக் கம்பியின் அகலத்துக்குக் கிழித்து, ஒரு கண்ணாடியில் படுக்கையாகவும் மற்றதில் நெடுக்காகவும் ஒட்டி, காலி வண்டியை இருட்டிய பிறகு ஓட்டினேன். படுக்கைக் கோடு ரியர் வியூ கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியின் ஹெட்லைட்டை அப்படியே மறைக்கிறது. நெடுக்குக் கோடு மறைப்பதில்லை, ஒரு கண்ணுக்கு மறைந்தது இன்னொரு கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. நெடுக்குக் கம்பிதான்.

இடைவெளியில் அதிக நேரம் போனது. முதலில் நான் வரைந்து கொண்டு போனது 40 மி.மீ. இடைவெளி. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் இரண்டு ராடுகளை எடுத்து, நடுவில் மரத்துண்டு கொடுத்து வைஸில் இறுக்கினார். “கைய விடு பார்க்கலாம்” என்று பட்டறைத் தம்பியைக் கூப்பிட்டார். ஒல்லியான பையன். கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கையைப் பக்கவாட்டில் விட்டான். மணிக்கட்டு தாண்டி உள்ளே போய்விட்டது. 35 வைத்தோம், கட்டை விரல் மேடு வரை போயிற்று. 30 வைத்தபோது விரல் முட்டியில் நின்றுவிட்டது, எவ்வளவு அழுத்தியும் போகவில்லை. 30 என்று சுண்ணக்கட்டியில் சுவரில் எழுதினார். பட்டறைக்குப் போகிறவர்கள் இந்தச் சோதனையைச் செய்யாமல் இடைவெளி சொல்லாதீர்கள்.

இரும்பு: நெடுக்குக் கம்பிக்கு 10 மி.மீ. சதுர ராடு, பட்டறை மொழியில் மூன்று நூல் ஸ்கொயர். சட்டத்துக்கு ஒரு இன்ச் அகலம் 5 மி.மீ. கனத்தில் ஃபிளாட், அதாவது பட்டை இரும்பு. கிரில்லை ஒரே துண்டாகச் செய்யாமல் இரண்டு பாதியாகப் பிரித்தோம், காரணம் பிறகு சொல்கிறேன். ஒவ்வொரு பாதியிலும் 15 கம்பி. சட்டத்தின் உள் அகலம் 620 மி.மீ., அதில் கம்பி 150 போக மீதியை 16 இடைவெளிக்குப் பங்கிட்டால் 29 மி.மீ. சொச்சம் வரும். 20 அடி நீளத்தில் வருகிற ராடு ஒன்றில் 43 செ.மீ. துண்டு 14 வரும். இரண்டு ராடு வாங்கினோம், 28 துண்டு. குறைந்த இரண்டு துண்டுகள் பட்டறை மூலையில் கிடந்த வெட்டுத்துண்டில் கிடைத்தன. ஃபிளாட் ஒரு நீளம். எல்லாம் சேர்த்து லீ பஜாரில் 15 கிலோ 600 கிராம், கிலோ 72 ரூபாய், 1,120 ரூபாய் கொடுத்தேன்.

இரண்டு பாதியாக்கிய காரணம் இதுதான். மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து கதவு இரண்டும் நெளிந்து மாட்டிக்கொண்டால், வெளியே வர மிச்சம் இருப்பது முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும்தான். திருடனுக்குப் பயந்து அதில் ஒன்றை நானே நிரந்தரமாக அடைத்துக்கொள்ள மனசு வரவில்லை. டிரைவர் பக்கப் பாதி நிலையாக நிற்கும். இடது பாதி கீலில் தொங்கும், உள்ளே இருந்து மட்டும் திறக்கும். ஸ்லைடிங் கண்ணாடியைத் தள்ளினால் 55 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம் கிடைக்கிறது. நானே நுழைந்து பார்த்தேன், தோள் கொஞ்சம் உரசுகிறது, வந்துவிடலாம். பாடியில் கேபின் உயரத்துக்கு மூட்டை அடுக்கியிருந்தால் அந்த வழி இல்லை, அது கிரில் போடாத வண்டிக்கும் அப்படித்தான்.

உள்ளே இருந்து திறக்கிற தாழ்ப்பாளை எங்கே வைப்பது என்பதில் அண்ணனும் நானும் கொஞ்சம் மல்லுக்கட்டினோம். கண்ணாடி விளிம்புக்குப் பக்கத்தில் வைத்தால் கைக்கு எட்டும், திருடனின் கம்பிக்கும் எட்டும். கீலில் தொங்கும் பாதியின் அடியில் 12 செ.மீ. நீளத்துக்கு இரண்டு கால் இறக்கி, ஒவ்வொரு காலின் நுனியிலும் ஒரு நாக்கு வைத்தோம். நாக்கு கேபின் தகட்டில் வெட்டிய துவாரத்தில் நுழைந்து சீட்டுக்குப் பின்னால் உள்ளே வரும். நாக்கில் ஒரு துளை, துளையில் ஆர்-பின் (ஆங்கில ஆர் எழுத்து மாதிரி வளைந்த கம்பி ஊசி). சீட்டுக்குப் பின்னால் கையை விட்டு இரண்டு பின்னையும் உருவினால் கிரில் திறந்துகொள்ளும். கீலுக்குக் கேட்டில் போடுகிற புல்லட் கீல் மூன்று. அந்தக் கீல் சாதாரணமாக மேலே தூக்கினால் கழன்று வரும். இதில் நாக்கு துவாரத்துக்குள் இருப்பதால் தூக்க முடியாது. சரிபார்த்துக்கொண்டேன்.

வெல்டிங் முழுவதும் பட்டறை மேஜையில்தான் நடந்தது, வண்டியில் ஒரு பொட்டு கூட வைக்கவில்லை. வண்டியில் வைத்து வெல்ட் பண்ணினால் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும், அப்போதும் ஈசியூவுக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஏதாவது ஆகுமோ என்ற பயம் இருக்கும், உள்ளே ரெக்சின் கருகும். போல்ட் 8 மி.மீ., மொத்தம் ஒன்பது: நிலையான பாதிக்கு ஆறு, கீல் பட்டைக்கு மூன்று. கடையில் கிடைப்பது துத்தநாக முலாம் பூசியது. வெல்ட் வைக்கும் முன்னால் தலையில் இருக்கிற முலாமைக் கிரைண்டரில் சீவிவிட வேண்டும். சீவாமல் வைத்தால் வெள்ளைப் புகை வரும், சுவாசித்தால் காய்ச்சல் வரும், வெல்டும் ஓட்டை ஓட்டையாக விழும்.

கேபினில் துளை போடுவதற்கு முன்னால் உள்ளே ரெக்சின் பலகையைக் கழற்றினேன். கிளிப் எட்டு, அதில் மூன்று உடைந்தன, ஒன்று 10 ரூபாய். பலகைக்குப் பின்னால் இடது ஓரமாக ஒரு ஒயர் கட்டு ஓடுகிறது. அட்டை மாதிரியில் குறித்திருந்த ஒரு துளை நேராக அதன் மேல் வந்தது, அந்த போல்ட்டை மட்டும் 30 மி.மீ. நகர்த்தினோம். பலகையைக் கழற்றாமல் வெளியே இருந்து டிரில் போடுவதாக இருந்தால் டெயில் லைட் அன்றே போயிருக்கும். முதலில் 3 மி.மீ. பிட், அப்புறம் எட்டரை. துளையின் ஓரத்தை அரத்தால் தேய்த்து, ரெட் ஆக்சைடு இரண்டு கை தடவி, காய்ந்த பிறகுதான் அடுத்த வேலை. மலையில் பனி, மழை என்று ஈரம் விடாது. பெயிண்ட் இல்லாத வெறும் தகடு தெரிந்தால் அங்கேயே துரு பிடிக்க ஆரம்பிக்கும்.

கேபின் தகடு மெல்லியது. நட்டை நேராகத் தகட்டில் முறுக்கினால், வெளியே நெம்பும்போது போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அதனால் உள்பக்கம் மேலும் கீழும் 3 மி.மீ. ஃபிளாட் பட்டை முழு நீளத்துக்குக் கொடுத்து, அதன் மேல் நைலாக் நட், அதிர்வில் கழலாதது. நெம்புகிற பலம் ஒரு இடத்தில் விழாமல் பட்டை முழுக்கப் பரவும். போன மாதம் நெம்பியபோது சட்டம் வளைந்ததே தவிர தகடு கிழியவில்லை, அது இந்தப் பட்டையால்தான். வெளியே ரப்பர் வாஷர், நடுவில் 3 மி.மீ., ஓரத்தில் 9 மி.மீ. பழைய கன்வேயர் பெல்ட்டில் வெட்டியது. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் சிலிக்கான்.

பெயிண்ட் முதலில் பளபளக்கும் கறுப்பு எனாமல் அடித்தோம். காலையில் மலையில் இருந்து கிழக்கே பார்த்து இறங்கும்போது வெயில் கம்பியில் பட்டுக் கண்ணாடியில் கோடு கோடாக மின்னியது, ரியர் வியூவில் பார்க்கவே முடியவில்லை. மேலே மேட் பிளாக் அடித்த பிறகு சரியாயிற்று. நேரடியாக மேட் பிளாக் வாங்கிவிடுங்கள்.

பொருத்தி முடித்ததும் அண்ணனையே பாடிக்குள் ஏறித் திறந்து பார்க்கச் சொன்னேன். கண்ணாடியை வேண்டுமென்றே திறந்துவிட்டேன். முதலில் கையை விட்டுப் பார்த்தார், விரல் முட்டியோடு நின்றது. கம்பிகளுக்கு நடுவில் ஸ்பேனர் கொடுத்து அகட்டப் பார்த்தார், அசையவில்லை. அப்புறம் ஜி.ஐ. கம்பியை வளைத்துக் கொக்கி செய்து உள்ளே விட்டு, சீட்டுக்குப் பின்னால் துழாவினார். கொஞ்ச நேரத்தில் “டக்” என்று ஒரு சத்தம். ஆர்-பின்னின் வளையத்தைப் பிடித்துவிட்டார், பாதி உருவியும் வந்துவிட்டது. இரண்டு நாக்குக்கும் மேலே தகட்டில் ஒரு சின்னக் கூடு மடித்து, பக்கவாட்டில் மட்டும் திறப்பு இருக்கும்படி வைத்தோம். உள்ளே உட்கார்ந்திருப்பவர் கை பக்கவாட்டில் போகும். மேலே இருந்து இறங்கும் கம்பிக்கு வழியில்லை. திரும்பவும் துழாவிப் பார்த்தார், கிடைக்கவில்லை. கூடு வைத்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு பின்னை உருவிப் பழகினேன். வீட்டில் மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

முதல் தடவை மலை ஏறும்போது கீல் பாதி கடகடவென்று ஆடியது. நாக்கின் துளைக்கும் தகட்டுக்கும் நடுவில் இரண்டு மி.மீ. தளர்வு. நாக்கின் துளையை அந்த இரண்டு மி.மீ. தகட்டை நோக்கித் தள்ளிப் போட்டு, ஆர்-பின் ஏறும்போது நாக்கை உள்ளே இழுத்துப் பிடிக்கிற மாதிரி செய்தார்கள். சட்டத்தின் பின்பக்கம் கதவு பீடிங் ரப்பர் ஒட்டினேன். சத்தம் நின்றுவிட்டது. முதல் சில நாள் மலையில் ஓட்டிய பிறகு ஒன்பது நட்டையும் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். ரப்பர் அமுங்கி, எனக்கு ஐந்து நட் கால் சுற்று ஏறியது.

செலவு: இரும்பு 1,120, போல்ட் நட் கீல் 410, வெல்டிங் கூலி 1,800, பெயிண்ட் ரெட் ஆக்சைடு 380, ரப்பர் சிலிக்கான் கிளிப் 270. மொத்தம் 3,980 ரூபாய். புதுத் தராசு இதை விட அதிகம். கிரில்லின் எடை ஏறக்குறைய 15 கிலோ. எல்லாம் போல்ட்டில் நிற்பதால், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) சமயத்தில் யாராவது ஆட்சேபித்தால் கழற்றிக் காட்டலாம். வண்டிக்கு எட்டு வயது தாண்டிவிட்டது, இனி வருஷா வருஷம் எஃப்.சி. எனவே இது முக்கியம்.

இன்னொரு வண்டிக்குச் செய்வதாக இருந்தால் சிலவற்றை மாற்றுவேன். இரண்டு பாதியையுமே கீலில் தொங்கவிடுவேன். நிலையான பாதிக்குப் பின்னால் கண்ணாடியில் படிகிற சேற்றைத் துடைக்கக் கை நுழைவதில்லை, பாட்டில் பிரஷ்ஷும் தண்ணீர்க் குழாயும் வைத்துத்தான் சமாளிக்கிறேன். இரண்டு பாதியும் சேரும் நடு இடத்தில் இப்போது இரண்டு சட்டமும் ஓரத்தோடு ஓரம் நிற்கின்றன. கடப்பாரை நுனி அங்கேதான் போயிருக்கிறது. ஒரு பாதியின் சட்டத்தில் ஒரு இன்ச் பட்டை கூடுதலாக வைத்து மற்றதன் மேல் ஏறும்படி செய்தால் நுனி நுழைய இடமிருக்காது. அந்தப் பட்டையை மட்டும் இந்த வாரம் வைத்துக்கொள்ள அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், வளைந்த சட்டத்தையும் அப்போதே நிமிர்த்திவிடுவார். போல்ட்டுகளை ஸ்டெயின்லெஸ்ஸில் போடுவேன். கிரில் முழுக்க ஸ்டெயின்லெஸ் என்றால் இரும்பைப் போலப் பல மடங்கு விலை, அந்த அளவுக்குத் தேவையில்லை.

தராசை இப்போதும் ராத்திரி கேபினில் வைப்பதில்லை, இறக்கி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறேன். பின்பாடியில் தார்ப்பாயை வண்டி நிற்கும்போது மூடி வைக்காமல் சுருட்டிக் கட்டிவிடுகிறேன், பாடிக்குள் யாராவது உட்கார்ந்தால் தெரு விளக்கில் தெரியட்டும் என்று.